பழைய சோனகத் தெருவில் வாங்கிய சொட்டு நீர் செட், வவுனியாக் கிணற்றில் ஒரு சிறுபோகம் ஓடிய பிறகு

வவுனியாவில் அக்காவும் அத்தானும் செய்கிற மேட்டுக்காணித் தோட்டத்துக்காகக் கொழும்புப் பழைய சோனகத் தெருவில் ஒரு சொட்டு நீர்ப்பாசன செட் வாங்கி அனுப்பினோம். சிறுபோகம் முழுக்க மிளகாய்க்கு ஓடவிட்டுப் பார்த்தாயிற்று, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள காணிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அவர்களுக்காகத்தான் இது. சுருக்கமாகக் கேட்டால், செட் நல்லது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதோடு சேர்த்துத் தருகிற பில்டர் போதாது, பெட்டியில் போட்டிருக்கிற "கால் ஏக்கர்" என்பதையும் அப்படியே நம்பி வாங்கக்கூடாது.

முதலில் அந்தக் கால் ஏக்கர் கதை. கால் ஏக்கர் என்றால் ஆயிரம் சதுர மீட்டருக்குச் சற்றுக் கூட. மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குழாய் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் குழாய் வேண்டும். நாங்கள் முதலில் ஏறிய கடையில் கால் ஏக்கர் செட் என்று கட்டி வைத்திருந்த பெட்டிக்குள் இருந்தது 500 மீட்டர். பொய் என்று சொல்லமாட்டேன், இரண்டு மீட்டர் இடைவெளியில் பப்பாசி வைத்தால் அது காணும். ஆனால் என்ன பயிர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் "கால் ஏக்கருக்கு இது தாராளம்" என்று பில் புத்தகத்தைத் திறக்கிறவரிடம் வாங்கிக்கொண்டு போனால், 250 கிலோமீட்டருக்கு அப்பால் காணியில் நிற்கிற மனிதருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான குழாய்தான் போய்ச் சேரும். அந்தக் கடையில் விளக்கத்தாள்கூடத் தமிழில் இல்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் இவ்வளவு சாமான் அனுப்புகிற தெருவில் இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

அதே தெருவில், கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு கடை. சின்னக் கடைதான், மோட்டர் உதிரிப்பாகங்களுக்கு நடுவே குழாய்ச் சுருள்கள். அங்கே இருந்த நானா விலை சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். "கிணறா குளமா மகன்? கிணறுன்னா கேத்தல்ல வெள்ளையாப் படியுதா? காணி சரிவா? மோட்டர் எத்தனை இஞ்சி?" பதிலெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு குழாய்த்துண்டை எடுத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே இருந்து பார்த்தால் 30 சென்டிமீட்டருக்கு ஒரு ஊசித்துளை, அவ்வளவுதான். உள்ளே ஒவ்வொரு துளைக்குக் கீழும் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கிறது, அதில் வளைந்து வளைந்து போகிற ஒரு பள்ளம். தண்ணீர் அந்த வளைவுகளில் முட்டி மோதி வேகம் குறைந்துதான் சொட்டாக வெளியே வருகிறது. பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. "இதுக்குள்ள மண் போனா உங்கட கதை முடிஞ்சுது" என்றார். இந்தச் சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை அந்தக் குழாய்த்துண்டு சொல்லிவிட்டது.

பெட்டியில் வருவது வலை வைத்த ஸ்கிரீன் பில்டர், 120 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 120 கண். நகரசபைக் குழாய்த் தண்ணீருக்கு அது போதும். வவுனியாவின் திறந்த தோட்டக் கிணற்றில் இலை விழும், பாசி பிடிக்கும், ஒரு மழை பெய்தால் சிவப்பாகக் கலங்கும், மோட்டர் அடிமட்டம் வரை இழுக்கிற ஆவணி மாதத்தில் சேறும் சேர்ந்து வரும். வலை உடனே அடைத்துக்கொள்கிறது. நானா சொன்னபடி டிஸ்க் பில்டர் ஒன்றைத் தனியாக வாங்கினோம், அதற்கு முன்னும் பின்னும் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜ். இரண்டு கேஜும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் பில்டர் சுத்தம், இடைவெளி விரிந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றினால் உள்ளே மெல்லிய வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும், இறுக்கத்தைத் தளர்த்தித் தண்ணீரில் அலசினால் ஒவ்வொரு வளையத்தின் கோடுகளுக்குள்ளிருந்தும் சிவப்பு மண் வழிந்து வரும். அத்தான் இதை மோட்டர் போடுகிற வேலையோடு சேர்த்தே பழகிக்கொண்டார். பில்டருக்குச் செலவழிக்கிற காசைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம், குழாயில் மிச்சம் பிடித்தாலும் பில்டரில் பிடிக்கக்கூடாது.

கேத்தலில் படிகிற அந்த வெள்ளைக்கு எந்தப் பில்டரும் உதவாது, ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்து வருகிற சுண்ணாம்பு. மோட்டரை நிறுத்தியதும் துளை வாயில் நிற்கிற கடைசிச் சொட்டு வெயிலில் காய்ந்து கல்லாகிறது. அதனால் நட்ட நடுப்பகலில் விடாமல் விடியற்காலையில் விடுகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து கலங்கல் போகும் வரை ஓடவிடுகிறார்கள். பசளையிலும் இதே கவனம் வேண்டும். பசளைக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சி இழுக்கிற வெஞ்சூரி வைத்தால் யூரியாவையும் எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியப் பசளையையும் கரைத்து இதே குழாயில் விடலாம், நன்றாக வேலை செய்கிறது. டீ.எஸ்.பி. என்கிற பொசுபரசுப் பசளையை மட்டும் போடவே கூடாது. அது சரியாகக் கரையாது, கரைகிற கொஞ்சமும் சுண்ணாம்பு கலந்த கல்லுத் தண்ணீரோடு சேர்ந்து படிந்துவிடும். அதை நடுவதற்கு முன்பு மண்ணில் இடுங்கள்.

எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. எங்கள் டிரிப்பர் ஒன்று, அதாவது உள்ளே தகடு வைத்த ஒரு துளை, மணித்தியாலத்துக்கு 2 லீட்டர் விடும். கால் ஏக்கருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் டிரிப்பர், ஆக மணித்தியாலத்துக்கு 11,000 லீட்டர், நிலத்தில் பரப்பிப் பார்த்தால் 11 மில்லிமீட்டர் மழை மாதிரி. சோளகக் காற்று அடிக்கிற காய்ந்த நாளில்கூட ஆவியாகப் போவது 5, 6 மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் அரை மணித்தியாலம் போதும். இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. வாய்க்கால் வெட்டிப் பாத்தி நிரம்ப நிரம்பப் பாய்ச்சிய கண்ணுக்கு, மேலே காய்ந்து கிடக்கிற நிலத்தில் வட்ட வட்டமாக ஈரம் தெரிந்தால் தண்ணீர் போதாத மாதிரித்தான் தோன்றும். பக்கத்துக் காணி ஐயா ஒருவர் நம்பாமல் மண்வெட்டியோடு வந்து செடியடியில் வெட்டிப் பார்த்தார். அந்தச் செங்கபில மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, இங்கே சாண் ஆழத்துக்கு மெதுவாக இறங்கி ஈரமாக வந்தது. அப்புறம் அவரே விலை விசாரித்தார். 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை மறக்காதவர்களுக்கு மோட்டர் ஓடுகிற நேரம் குறைவது சின்ன விஷயம் இல்லை. வரிசைக்கு நடுவில் ஈரம் இல்லாததால் களையும் குறைந்திருக்கிறது, அக்காவுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

குழாய்ச் சுவரின் தடிப்பையும் பாருங்கள். மெல்லிய டேப் குழாய் விலை குறைவு, ஆனால் ஒன்றிரண்டு போகத்தோடு சரி. நாங்கள் வாங்கியது 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள, சுவர் தடித்த குழாய். அதையும் அணில் விட்டுவைக்கவில்லை. சுற்றியுள்ள குட்டைகள் வற்றுகிற காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் இருப்பது அதுகளுக்குத் தெரிந்துவிடுகிறது. வேப்பமரத்தடியில் சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கடி குறைந்தது, நிற்கவில்லை. இணைக்கிற ஜொயினர்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மலிவுதான்.

இனி இந்தச் சாமான் செய்யாத ஒன்றைச் சொல்ல வேண்டும், கடைகள் இதைச் சொல்வதே இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் இத்தனை சதவீதம் தண்ணீர் மிச்சம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பாத்தியில் மிச்சம், கிணற்றில் மிச்சம் என்று அர்த்தம் இல்லை. வவுனியாவில் வற்றாத ஆறு கிடையாது, அடியில் கடும்பாறை, அதற்கு மேல் உக்கிய பாறைப் படையில் தேங்குகிற தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. ஐப்பசியிலிருந்து தை வரை பெய்கிற மழையும், மேலே உள்ள குளத்திலிருந்து கசிகிற தண்ணீரும்தான் அதை நிரப்புகின்றன. முன்பு பாத்தியில் அளவுக்கு மீறிப் பாய்ச்சியதில் ஒரு பங்கு கீழே இறங்கித் திரும்ப அந்தப் படைக்கே போனது. சொட்டு நீர் உண்மையில் காப்பாற்றுவது வெயிலில் வீணாக ஆவியாகிறதையும் எரிபொருளையும்தான். அப்படி மிஞ்சியதை வைத்து இன்னொரு கால் ஏக்கர் மிளகாய் வைத்தால், அடுத்த காணிக்காரரும் அதையே செய்தால், எல்லாக் கிணறும் ஒரே படையிலிருந்துதான் இழுக்கின்றன, ஆவணியில் எல்லோருக்கும் அடிமண் தெரியும்.

ஆகவே சொட்டு நீர் போட்டுவிட்டோம், இனிக் குளம் எதற்கு என்று நினைக்கவே கூடாது. ஒன்று நிரம்பி வழிகிற வான் தண்ணீர் அடுத்ததற்குப் பாய்கிற மாதிரி அடுக்காக அமைந்த நம் உலர் வலயக் குளங்களை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. ஆனால் அந்த அடுக்கில் உள்ள சின்னக் குளங்களில் பல தூர்ந்து, நீர் விளிம்பிலுள்ள அலைகரை மரங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன, கமக்காரர் அமைப்பு கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் குளக்கட்டும் பழுது பார்க்கப்படும். கொழும்பில் இருந்து செட் வாங்கக் காசு அனுப்புகிறவர்கள் ஊர்க் குளத்தின் சிரமதானத்துக்கும் கொஞ்சம் அனுப்புங்கள், உங்கள் குழாய்க்குள் ஓடப்போவது அந்தத் தண்ணீர்தான்.

சேவையைப் பற்றி: இரண்டாவது கடை சாமானை லொறியில் அனுப்பி வைத்தது, எதுவும் உடையாமல் வந்தது. மூடி இரண்டு குறைந்ததற்கு மறுபேச்சில்லாமல் அனுப்பினார்கள். பூட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவதில்லை, ஆனால் அத்தான் வீடியோ கோலில் கேட்கக் கேட்க நானா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், தமிழிலேயே. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பில்டரைத் தனியாக வாங்க வைக்காமல் கிணற்றுத் தண்ணீருக்கென்றே ஒரு செட் கட்டினால் ஐந்தும் கொடுக்கலாம். வாங்கும்போது குழாய்ச் சுவரின் தடிப்பு, டிரிப்பர் இடைவெளி, மணித்தியாலத்துக்கு எத்தனை லீட்டர், பில்டர் எத்தனை மெஷ் என்ற நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் உதிரிப்பாகம் தேடிப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.