டிராலிபஸ், டிராம் மேல்கம்பிகளைக் குறிக்க ஜே.ஓ.எஸ்.எம். எப்படி?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலை, கட்டடம், குளம் வரைகிறவர்களுக்கு உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டர் போதும். மேல்கம்பி விஷயம் வேறு. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்தான் டிராலிபஸ். அதன் செப்புக் கம்பியின் தடிமன் சுமார் 12 மில்லிமீட்டர். ஒரு படப்புள்ளிக்கு 30 சென்டிமீட்டர் என்று வரும் வான்படத்தில் அது தெரியவே தெரியாது. கம்பங்களின் நிழல் தெரியும், படம் நன்றாக இருந்தால் சந்திப்புகளில் தொங்கும் கனமான உலோகப் பாகங்கள் தெரியும், அவ்வளவுதான். இப்படிக் கண்ணில் படாத ஒன்றைத் தெருத்தெருவாக, திசை பிரித்துக் குறிக்க வேண்டும். குறித்தது சரிதானா என்று ஒரே பார்வையில் சோதிக்கவும் முடிய வேண்டும். ஜே.ஓ.எஸ்.எம். தேவைப்படுவது இந்தச் சோதனைக்குத்தான். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தக் கணினியில் நிறுவும் இலவச மென்பொருள், ஜாவா இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும்.

முதலில் டேக், அதாவது வரைந்த கோட்டின் மேல் 'சாவி=மதிப்பு' என்று எழுதும் விவரம். டிராலிபஸ் கம்பியைத் தனிக் கோடாக வரைய வேண்டியதில்லை. கம்பி ஒரு தடத்தின் மேல் இருந்தாலும், கூரைக்கம்பங்கள் பக்கவாட்டில் திரும்பும் என்பதால் பஸ் அடுத்த தடத்தில்கூட ஓடலாம். அதனால் சாலைக் கோட்டிலேயே 'டிராலி_வயர்=யெஸ்' என்று போடுவதே வழக்கம். ஒரு திசையில் மட்டும் கம்பி என்றால் சாவியின் பின்னால் ':ஃபார்வர்டு' அல்லது ':பேக்வர்டு' சேரும். பதிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். டிராமுக்குத் தண்டவாளக் கோட்டில் 'எலக்ட்ரிஃபைடு=கான்டாக்ட்_லைன்', கூடவே 'வோல்டேஜ்', 'ஃப்ரீக்வென்சி'. நேர்மின்னோட்டம் என்பதால் ஃப்ரீக்வென்சி 0. வோல்டேஜில் எண் மட்டும்தான். பின்னால் 'வி' சேர்த்தால் வரைபடங்கள் அதை எண்ணாகப் படிக்காது.

இதைச் சோதித்துப் பார்க்கச் சியாட்டில் நல்ல ஊர். அங்கே டிராலிபஸ் 700 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகிறது. 2016இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ஹில் டிராம், மேட்டில் ஏறும்போது கம்பியில் மின்சாரம் எடுத்து, பயனியர் ஸ்கொயர் நோக்கி இறங்கும்போது பேட்டரியில் ஓடும்படி அமைக்கப்பட்டது. டிராமுக்குத் திரும்பும் மின்சாரம் தண்டவாளம் வழியே போய்விடும். ரப்பர் டயர் கொண்ட டிராலிபஸ்ஸுக்கு அதற்கென இரண்டாவது கம்பி வேண்டும். டிராம் கம்பி அந்த இரண்டாவது கம்பியைக் குறுக்கே வெட்டும் இடத்தில் இரண்டும் மின்தொடர்பு கொண்டால் குறுக்குச்சுற்றுதான். ஆகவே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் மின்காப்புத் துண்டு வைக்க வேண்டும். இறங்கும் திசையில் கம்பியைத் தவிர்த்ததால் அந்தத் தொல்லை குறைந்தது. வரைகிறவருக்கு இதன் பொருள்: ஒரே தெருவில் அருகருகே இரண்டு தண்டவாளம்; ஒன்றில் 'கான்டாக்ட்_லைன்', மற்றதில் கம்பியில்லாத நீளத்துக்கு 'நோ'. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே டேக் போட்டால் தப்பு.

பெரிய தவறு இன்னொன்று: பஸ் தட எண்ணைப் பார்த்துக் கம்பி போடுவது. டெப்போவுக்குப் போகும் தெருக்களிலும், நடுவழியில் திரும்பும் வளையங்களிலும் தடம் இல்லாமலே கம்பி இருக்கும். சியாட்டிலின் புதிய பஸ்கள் பேட்டரியில் கொஞ்ச தூரம் போகும். சாலைப்பணி நாள்களில் டிராலிபஸ் தடத்தில் டீசல் பஸ்ஸே ஓடும். தடம் வேறு, கம்பி வேறு.

ஜே.ஓ.எஸ்.எம்.மில் வேலை இப்படிப் போகும். நகரத்தின் நடுப்பகுதியை அப்படியே இறக்கினால் 50,000 புள்ளி என்ற சர்வர் வரம்பில் இடித்து நிற்கும். கேட்டதை மட்டும் எடுத்துத் தரும் ஓவர்பாஸ் என்ற தேடல் சேவை வழியாகச் சாலைகளையும் தண்டவாளங்களையும் மட்டும் இறக்குங்கள். அப்படி இறக்கினால் கட்டடமும் நிலப்பரப்பும் திரையில் இருக்காது, ஆனால் சர்வரில் இருக்கும். அவை சாலையோடு புள்ளியைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே புள்ளிகளை நகர்த்தாதீர்கள், அழிக்காதீர்கள். டேக் மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து, திரையில் எது எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று எழுதும் மேப்சிஎஸ்எஸ் மொழியில் நாலு வரி ஸ்டைல்: இருதிசைக் கம்பிக்கு ஒரு நிறம், ஒருதிசைக்கு இன்னொன்று, 'நோ' என்று உறுதிசெய்ததற்கு மூன்றாவது. எதுவுமே போடாத சாலை சாம்பலில் நிற்கட்டும். 'கம்பி இல்லை' என்பதும் 'இன்னும் பார்க்கவில்லை' என்பதும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஐடியில் இப்படி நம் விருப்பத்துக்கு நிறம் பிரிக்க வழியில்லை. என் கணக்கில் இந்த ஒன்றுக்காகவே ஜே.ஓ.எஸ்.எம். கற்றுக்கொள்ளலாம்.

கம்பி தொடங்கும், முடியும் இடத்தில் சாலையை 'பி' (P) விசையால் வெட்டுங்கள். வெட்டும் முன் அந்தச் சாலை சேர்ந்திருக்கும் பஸ் தட ரிலேஷன்களின் (ஒரு தடத்தின் சாலைத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்த தொகுப்புகளின்) உறுப்புகளை முழுதாக இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய துண்டுகள் தடத்தில் முன்பின்னாகப் போய் உட்காரும். ரிலேஷன் எடிட்டரின் இணைப்புப் பத்தியில் கோடு அறுந்திருந்தால் அதுதான் அடையாளம். கோட்டின் திசையைத் திருப்பினால் ஃபார்வர்டு, பேக்வர்டு இரண்டையும் மாற்றட்டுமா என்று மென்பொருளே கேட்கும். படித்துப் பார்த்துச் சம்மதியுங்கள். இரண்டு கோடுகளை இணைக்கும்போது வரும் முரண்பாட்டுப் பெட்டியில் அவசரப்பட்டு எல்லா மதிப்பையும் வைத்தால் 'நோ;யெஸ்' என்று ஒன்று உருவாகும்; அது எந்தத் தேடலிலும் சரியாக விழாது.

ஆதாரத்துக்குச் சொந்தப் படங்களே சிறந்தவை, பொதுமக்கள் பதிவேற்றும் தெருப் படங்களின் தளமான மேப்பிலரியும் ஆகும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலிருந்து எடுக்க உரிமை இல்லை. தெருவில் எடுத்த படங்களை ஜிபிஎஸ் தடத்தோடு நேரம் வைத்துப் பொருத்தும் வசதி ஜே.ஓ.எஸ்.எம்.மில் உண்டு. கேமரா கடிகாரம் 1 நிமிடம் பிசகினால் நடை வேகத்தில் 80 மீட்டர் தள்ளிப்போகும். படம் வேறு சந்திப்பில் விழும். முதல் படமாக ஜிபிஎஸ் திரையில் ஓடும் நேரத்தையே எடுத்துவிட்டால் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சந்திப்பில் நின்று மேலே பார்த்து எடுங்கள். தெருவுக்கு நாலு கம்பி என்றால் இருதிசை டிராலிபஸ். இரண்டு ஒன்றையொட்டி 60 சென்டிமீட்டர் இடைவெளியில் போனால் ஒருதிசை. கூரைத்தட்டு வைத்த டிராமுக்கான ஒற்றைக் கம்பி நேராகப் போகாமல் இடம்வலமாக வளைந்து வளைந்து போகும். தட்டு ஒரே இடத்தில் தேயாமலிருக்க அப்படிக் கட்டுவார்கள்.

பதிவேற்றிய பின் ஓவர்பாஸ் டர்போவில் டிராலி வயரை மட்டும் தேடிப் பாருங்கள். தெரு நடுவே கம்பி சும்மா அறுந்து நின்றால் அநேகமாகத் திரும்பும் வளையம் விடுபட்டிருக்கும். டிராமுக்கு ஓப்பன்ரயில்வேமேப்பின் மின்மயமாக்கல் லேயர் நன்றாக உதவும். வோல்டேஜ் வாரியாக நிறம் காட்டும். டிராலிபஸ் கம்பி அதில் வராது, அது ரயிலுக்கான வரைபடம். இப்போது இருக்கும் கம்பிக்குத்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். சென்னையில் 1953இல் நின்ற டிராமை வரைய ஆசைப்படுகிறவர்கள் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்புக்குப் போகலாம்.

குறை ஒன்று இருக்கிறது. அது மென்பொருளுடையது அல்ல, டேக்குடையது. கம்பியுள்ள இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் நாலு பக்கமும் 'யெஸ்' என்று இருக்கும். ஒன்றையொன்று வெறுமனே வெட்டிப் போகிறதா, ஒன்றிலிருந்து மற்றதற்குத் திரும்பப் பிரிப்பான் இருக்கிறதா என்று அந்த டேக் சொல்லாது. பிரிப்பான் இருப்பதைப் படத்தில் பார்த்தவர்கள் அந்தச் சந்திப்புப் புள்ளியில் ஒரு குறிப்பாவது எழுதிவையுங்கள். அடுத்து வருபவர் மறுபடி அங்கே போய் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்காது.