தாம்பாளம், எனாமல் தட்டு, ஸ்டாண்டு: ஐந்து வருடம் புழங்கிய பிறகு

2019இல் திருவான்மியூர் வீட்டுக்குக் குடிவந்த சமயம், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு முழுப் பகல் சுற்றினேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளமும், நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டுகள் இரண்டும் அங்கே வாங்கியவை. பழைய பாணியில் புதிதாகச் செய்த ஒரு ட்ரே, இவற்றையெல்லாம் பார்வைக்கு வைக்க இரண்டு மர ஸ்டாண்டு, ஒரு கம்பி ஸ்டாண்டு ஆகியவற்றைச் சென்னையில் வாங்கினேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதேபோல் வீட்டை அலங்கரிக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். புது ட்ரேயைப் பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் கைப்பிடி ஓரத்தில் பூச்சு உரிந்து துரு எட்டிப் பார்த்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே முழுக்க இரும்பு. நல்ல பித்தளையில் காந்தம் ஒட்டாது. அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

தாம்பாளத்தின் கதை வேறு. முதல் வருடம் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். கடற்காற்று ஈரமும் உப்புமாக வருகிற வீடு இது. திருச்சியில் அம்மா வீட்டுப் பித்தளை இரண்டு மாதம் தாங்கும். இங்கே இரண்டு வாரத்தில் பழுப்பேறிவிடும். மாட்டின இடத்திலிருந்து கழற்றித் தேய்ப்பது பெரிய வேலை, அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். பொங்கலுக்கு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தாம்பாளத்தைச் சுவத்துல மாட்டிட்டா வர்றவங்களுக்கு வெத்தல பாக்கு எதுல குடுப்ப?" என்று கேட்டார். மாமியார் குறை சொல்வதாக இல்லாமல், நிஜமாகவே ஒரு கேள்வியாக எனக்குப் பட்டது. "இறக்கிடறேன் அத்தை" என்றேன். அன்றைக்கே இறக்கினேன்.

அப்புறம் அது தினப்படி புழக்கத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பூவும் பழமும் அதில்தான், விருந்தாளி வந்தால் காபி டம்ளர்களும் அதில்தான். வாரம் ஒருமுறை எப்படியும் கழுவியாக வேண்டும் என்பதால் மங்குவதற்கே நேரமில்லை. சுவரில் இருந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அழகாக இருக்கிறது.

தேய்ப்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததும் உடனே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். ஒருநாள் போன் வந்ததென்று புளியை அப்படியே ஊறவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து கழுவினால் நடுவில் கையகலத்துக்கு இளஞ்சிவப்புத் திட்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு அதிக நேரம் நின்றால் மேல்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தெரிகிறது. பல முறை பொடி போட்டுத் தேய்த்த பிறகுதான் அந்தத் திட்டு மறைந்தது. லேக்கர், அதாவது மங்காமல் இருக்க மேலே போடும் நிறமற்ற பூச்சு, பூசிய புதுப் பித்தளை வைத்திருப்பவர்கள் புளிப் பக்கமே போக வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எனாமல் தட்டுகள்தான் எனக்கு உயிர். பின்பக்கம் ஸ்வீடன் முத்திரை இருக்கிறது. பர்மா, மலாயா என்று வணிகத்துக்குப் போன நகரத்தார் வீடுகளில் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா எனாமல் பாத்திரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பதுதான் எனாமல். அதனால்தான் அந்த நீலம் இன்னும் துளி வெளுக்கவில்லை. ஆனால் கண்ணாடி கண்ணாடிதானே, விழுந்தால் தெறிக்கும்.

ஒன்று விழுந்தது. கம்பி ஸ்டாண்டின் முன் கொக்கி சின்னது, தட்டோ அகலம். மின்விசிறியை வேகமாக வைத்த ஒரு மதியம் தட்டு முன்னால் சரிந்துவிட்டது. விளிம்பில் பட்டாணி அளவுக்குச் சில்லு போய்க் கருப்பு இரும்பு தெரிந்தது. மழைக்காலம் வந்ததும் அங்கே துரு பிடிக்க ஆரம்பித்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு வைத்தேன். மூன்று வருடமாகத் துரு பரவவில்லை. பழைய எனாமலின் வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும், அதனால் இவற்றில் நான் சாப்பாடு வைப்பதில்லை, பார்வைக்கு மட்டும்.

மர ஸ்டாண்டில் ஒன்று மாமரம். இரண்டாவது மழைக்காலத்தில் அதன் காலடியில் மாவு சிந்தியதுபோல் தூள். துடைத்தால் மறுநாள் மறுபடியும். உற்றுப் பார்த்தால் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள், உளுத்துவிட்டது. மற்ற மரச் சாமான்களுக்குப் பரவிவிடும் என்று அன்றே வெளியே போட்டேன். பழைய வீடு இடித்த தேக்கில் செய்த இன்னொன்று, விலை இரண்டு மடங்கு, இன்றுவரை அசையவில்லை.

கம்பி ஸ்டாண்டுக்குப் பதிலாக இப்போது இருப்பது எங்கள் கொலுப் படி. மூன்றே படி, மரம். பத்து நாளுக்காக எடுத்து மற்ற நாளெல்லாம் பரணில் கிடந்தது. கூடத்து ஜன்னலோரம் போட்டு, எனாமல் தட்டுகளைச் சுவரில் சாய்த்து மேல்படியில் வைத்தேன், வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் பட்டை. தாம்பாளம் கீழ்ப்படியில், கைக்கு எட்டும் இடத்தில். நவராத்திரி வந்தால் பொம்மைகள் ஏறிக்கொள்ளும், தாம்பாளம் சுண்டலுக்கும் மஞ்சள் குங்குமத்துக்கும் போய்விடும்.

நடுப்படி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் வைக்க ஒரு பழைய தேக்கு மணை தேடுகிறேன், ஒன்றரை அடி நீளம் இருந்தால் போதும்.