கோச்சை மாற்றுவதா, சீனியர்களை அனுப்புவதா, நேரத்தை வெட்டுவதா?

தொடர்ந்து தோற்கிற ஹாக்கி டீமுக்கு ரசிகர்கள் சொல்லும் வழி எப்போதும் மூன்றுதான். கோச்சை மாற்று, நிர்வாகத்தை மாற்று, வயசானவங்களை அனுப்பிட்டுப் பையன்களை இறக்கு. இந்திய அணி தோற்றாலும் சரி, வேலூரில் செம்மண் தரையில் ஆடும் எங்கள் டீம் தோற்றாலும் சரி, டீக்கடையில் காதில் விழுவது இதேதான். போன சீசன் முடிந்ததும் எங்கள் கமிட்டி ஏதாவது ஒன்றைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. கோச் தொடரட்டும், சீனியர்களும் இருக்கட்டும், ஆனால் அவர்கள் களத்தில் நிற்கும் நேரத்தை வெட்டுவோம் என்று முடிவானது. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். எனவே நடுநிலையான அலசலை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நிர்வாகத்தை மாற்றுவது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஊர் டீமில் நிர்வாகம் என்றால் பந்து வாங்கிக் கொடுப்பவர், வேன் பேசுபவர், கிரவுண்டுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு அலைபவர். அவர்களை நீக்கினால் அந்த வேலைக்கு வரிசையில் யாரும் நிற்கவில்லை. நாட்டு அளவிலும் இது உடனே பலன் தந்த மாதிரி தெரியவில்லை. 2008-ல் சான்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே இந்தியா போக முடியாமல் ஆனது. அந்த ஆண்டே ஹாக்கியை நடத்திவந்த பழைய கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தார்கள். 2009-ல் அதன் இடத்துக்கு ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு வந்தது. 2012 லண்டனில் ஆடிய ஆறு ஆட்டத்தையும் தோற்று 12-வது இடம், அதாவது கடைசி இடம். 2018-ல் ஒடிசா அரசு ஸ்பான்சராக வந்த பிறகு பணக் கவலை குறைந்தது என்னவோ உண்மை. எங்கள் டீமைத் தத்தெடுக்க எந்த அரசு வரப்போகிறது?

கோச்சை மாற்றுவதில் ஒரு வசதி உண்டு. ஒரே ஒருவரிடம் முகத்தை முறித்துக்கொண்டால் போதும். சென்னையிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று பேச்சு வந்தது. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். சனி, ஞாயிறு ரயிலில் வந்துபோவார். சரி, மற்ற ஐந்து நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் பையன்களைக் கிரவுண்டுக்கு இழுத்து வருவது யார்? இப்போதிருக்கும் கோச் ஓய்வுபெற்ற பி.இ.டி. மாஸ்டர். அவருக்கு நாங்கள் கொடுப்பதைச் சம்பளம் என்று சொன்னால் அவரே சிரிப்பார், பெட்ரோல் காசுதான். எந்தப் பையனுக்கு எந்த முட்டியில் வலி, யார் வீட்டில் காலையில் பால் ஊற்றப் போக வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். இதையெல்லாம் புதிதாக வருபவர் தெரிந்துகொள்வதற்குள் ஒரு சீசன் போய்விடும்.

இந்திய அணியே இதற்குச் சாட்சி. டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஆல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைனே, ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட் என்று 2014-க்கும் 2019-க்கும் இடையில் ஆறு பேர். வால்ஷ் தோற்றுப் போகவில்லை. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்த கையோடு கிளம்பினார். இங்கே விளையாட்டு நிர்வாகம் முடிவெடுக்கும் விதத்தோடு தன்னால் ஒத்துப்போக முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்து வந்த வான் ஆஸ் 2015-ல் பொறுப்பேற்று அதே ஆண்டில் வெளியேறினார். ஒரு ஆட்டம் முடிந்ததும் ஹாக்கி இந்தியாவின் தலைவர் களத்துக்குள் வந்து வீரர்களைத் திட்டியதில்தான் தகராறு தொடங்கியது என்று அவர் சொன்னார். ரீடுக்குத்தான் இருக்க இடம் கொடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று உதை வாங்கிய பிறகும் அணி கலையவில்லை, 41 ஆண்டு கழித்து வெண்கலம் வந்தது. இதற்கு நேர் எதிர் 2004 ஏதென்ஸ். ஒலிம்பிக் தொடங்கக் கொஞ்ச நாளே இருக்கும்போது ராஜிந்தர் சிங்கை எடுத்துவிட்டு ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். கிடைத்தது ஏழாவது இடம்.

எல்லாச் சமயத்திலும் கோச் மாற்றம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் ஒன்பதாவது இடம் வந்து ரீட் விலகினார். பிறகு வந்த கிரெய்க் ஃபுல்டன் பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஃபுல்டன் கையில் வந்தது ஏற்கெனவே ஓடத் தெரிந்த அணி. எங்கள் கதை அப்படியில்லை.

அடுத்தது பையன்கள். டீக்கடையில் அதிகம் கைதட்டு வாங்கும் யோசனை இதுதான். நாற்பதைத் தொட்டவர்களை மாலை போட்டு அனுப்பிவிடு, பதினெட்டு வயசுப் பசங்களை இறக்கு. பசங்க ஓடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாக ஆடுகிற பையன் வேலூரில் எத்தனை நாள் இருப்பான்? பிளஸ் டூ முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக் கல்லூரி. அதற்கு மேல் போனால் ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், போலீஸ் டீம், ராணுவம். போகத்தான் வேண்டும், அதற்காகத்தானே வீட்டில் ஸ்டிக் வாங்கிக் கொடுத்தார்கள். கையில் மிஞ்சுவது இன்னும் தயாராகாதவனும், வேறு வேலை கிடைத்துவிட்டவனும். சீனியர்கள் இல்லாத டீம் ஒவ்வொரு ஜூனிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சீனியர்களோ எங்கேயும் போகப் போவதில்லை. ஒருவருக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை, ஒருவர் சத்துவாச்சாரியில் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவருக்குக் குடியாத்தத்தில் கடை.

அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வந்தது. ஊர் திரும்பியதும் அவரையும் மூத்த வீரர்கள் சிலரையும் ‘ஓய்வு’ என்று சொல்லி ஒதுக்கினார்கள். ஆட்டச் சம்பளம் பற்றி வாய் திறந்ததற்கான தண்டனை என்றுதான் ஊரே பேசியது. அந்தக் கசப்பு ஆற நாளானது. அதே தன்ராஜைத் தனது நான்காவது ஒலிம்பிக்குக்கு ஏதென்ஸ் அழைத்துப்போய், பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார வைத்தது இன்னொரு கூத்து. அனுப்பவும் மனசில்லை, ஆட விடவும் மனசில்லை.

இப்போது நாங்கள் செய்ததற்கு வருகிறேன். எங்கள் ஸ்கோர் புத்தகத்தை உட்கார்ந்து புரட்டியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வாங்கிய கோல்களில் பெரும்பகுதி கடைசிக் கால் மணி நேரத்தில். முதல் பாதியில் நடுக்களத்தில் நிற்கும் எங்கள் சென்டர் ஹாஃப் அண்ணன் ராஜா மாதிரி ஆடுவார். மேடு பள்ளத்தில் குதித்து வரும் பந்தை அவர் நிறுத்துகிற அழகைப் பார்க்கவே கூட்டம் வரும். பந்து எங்கே வரும் என்று பந்துக்கு முன்னாடியே அங்கே நிற்பார். கடைசியில் பந்தைப் பறிகொடுத்தால் திரும்பி ஓட முடியாது. கோலுக்கு முன்னால் தடுக்க நிற்கும் இரண்டு ஃபுல் பேக்குக்கு எதிரே மூன்று பேர் வந்து நிற்பார்கள். மே மாத வேலூர் வெயில் 100 டிகிரியைத் தாண்டும்போது அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஹாக்கியில் இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. 1992-லிருந்து ரோலிங் சப். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம், ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். சர்வதேச ஆட்டங்களில் ஃபார்வர்டுகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் சீனியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதற்கு முந்தைய காலத்து ஆட்கள். வெளியே கூப்பிட்டால் ‘என்னை எடுத்துட்டாங்க’ என்ற அவமானம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, கூப்பிடும் அதிகாரம் கோச்சிடம் இல்லவே இல்லை. மாஸ்டர் கை காட்டுவார், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “மாஸ்டர், அவரை எடுக்காதீங்க, கார்னர் வந்தா யாரு அடிப்பா?” அது வேன் வாடகை கொடுத்தவரின் குரலாக இருக்கும், அல்லது முன்னாள் கேப்டனின் குரல். மாஸ்டர் கையை இறக்கிவிடுவார். வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அதிகாரமில்லாத போலீஸ். 1981-ல் கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் அதிகாரமில்லாத கோச்சை வைத்துக்கொள்ளலாம். இந்த நிலையில் சென்னையிலிருந்து மட்டுமல்ல, நெதர்லாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தாலும் அவர் கையையும் இறக்க வைத்திருப்போம்.

ஆனால் அந்தக் குரலில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெனால்டி கார்னருக்கு, அதாவது எதிரணி தன் கோலுக்குப் பக்கத்தில் செய்த தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்புக்கு, விசில் ஊதிவிட்டால், கார்னர் முடியும்வரை ஆளை மாற்றக் கூடாது, கோலிக்கு ஏதாவது ஆனால்தான் விதிவிலக்கு. அடிக்கிறவர் பெஞ்சில் இருந்தால் இருந்ததுதான். பந்தை ஸ்டிக்கில் இழுத்துச் சுண்டி அடிக்கும் டிராக் ஃபிளிக் மண் தரையில் சரியாக வராது, பந்து ஆடிக்கொண்டே வரும். நிறுத்துகிறவர் சுத்தமாக நிறுத்த வேண்டும், அடிக்கிறவர் கோலின் அடியில் இருக்கும் பலகை உயரத்துக்குள் வேகமாக அடிக்க வேண்டும். எங்களில் இதைச் செய்யத் தெரிந்த இரண்டு பேருமே சீனியர்கள். அதனால் இருவரையும் ஒன்றாக வெளியே எடுப்பதில்லை என்று மாஸ்டர் ஒரு கணக்கு போட்டார். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கார்னரில் வெளியே இருப்பவரின் பங்கை ஒரு பையன் செய்ய வேண்டும். பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தப் பையனை நிறுத்தி வைத்து அண்ணனே சொல்லிக்கொடுக்கிறார். சீனியர்களை அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது.

விதியாக நாங்கள் எழுதிவைத்தது இரண்டே விஷயம். ஆட்டம் நடக்கும்போது கமிட்டி ஆள் யாரும் பெஞ்ச் பக்கம் வரக் கூடாது, பணம் கொடுத்தவரும்தான். யார் எப்போது வெளியே வருகிறார் என்பது ஆட்டத்துக்கு முன்பே மாஸ்டர் நோட்டில் இருக்கும், அதை எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் ஷூ கட்ட வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. “இதுக்கு நான் வீட்லயே இருந்துடுவேனே” என்றார் ஒருவர். “அண்ணே, அஞ்சு நிமிஷம் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பப் போங்க, யாரு உங்களைப் போகச் சொன்னா?” என்றார் மாஸ்டர். மாஸ்டர் வயதில் பெரியவர்தான், ஆனாலும் அவருக்கு எல்லோரும் அண்ணன். கமிட்டியில்தான் அதிகம் மனம் புண்பட்டது. ஒருவர் இன்னும் கிரவுண்டின் எதிர்ப் பக்கம் நின்றுதான் ஆட்டம் பார்க்கிறார், அங்கிருந்தும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

கோப்பை எதுவும் வாங்கிவிடவில்லை. கடைசி நேரத்தில் கோல் வாங்குவது நன்றாகக் குறைந்திருக்கிறது, தோற்றிருக்க வேண்டிய சில ஆட்டங்கள் டிராவில் முடிந்தன. இது மாஸ்டர் நோட்டால் வந்ததா, எதிரணிகள் இந்த முறை சுமாராக இருந்ததா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், இந்தக் கணக்கு செல்லுமா என்பதும் சந்தேகம்தான். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் பந்து போகும் வேகமே வேறு. மண்ணில் இருபது வருஷம் பழகிய கை அங்கே அவ்வளவாக உதவாது, கால்தான் பேசும். அடிக்கடி டர்ஃபில் ஆடும் டீமாக இருந்தால் பையன்கள் பக்கம் இன்னும் சாய்ந்திருப்பேன். அதேபோல, உங்கள் கோச் பிராக்டிஸுக்கே ஒழுங்காக வராதவர் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், முதலில் அவரை மாற்றுங்கள்.

ரோலிங் சப்பால் தீராத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, கோல் போஸ்ட். பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போன பிறகு பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் ஜெயித்ததற்கு 36 வயது கோலி ஸ்ரீஜேஷ்தான் பெரிய காரணம். எங்கள் கோலி அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அவருக்கு வயது ஸ்ரீஜேஷைவிட நிறையவே கூட. கிட் அவர் சொந்தக் காசில் வாங்கியது, டீமிடம் வேறு கிட் கிடையாது. அவரிடம் இதைப் பேசுவது யார் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.