வெளிநாட்டுச் சபைக் குழுவுக்குத் தரங்கம்பாடியில் ஒரு நல்ல வீடு

இரண்டு மூன்று வாரம் ஊழியத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிற குழுக்களை எங்கே தங்க வைப்பது? நம் டெல்டா சபைகளில் வருடா வருடம் எழுகிற கேள்வி இது. இந்த ஜூலையில் ஜெர்மனியிலிருந்து எட்டு இளைஞர்கள் வந்தார்கள். தரங்கம்பாடியில் ஓர் அக்கா நடத்தும் வீட்டில் அவர்களைத் தங்க வைத்தோம். மாடியில் மூன்று அறை, கீழே அக்கா குடும்பம். பெயர்ப்பலகை கிடையாது. நான் பொறையாறில் ஆசிரியை. குழுவுக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். காலை ஜெபத்திலிருந்து இரவுச் சாப்பாடு வரை கூடவே இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இந்த மாதிரிக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அறைகள் சாதாரணம்தான். கட்டில், மின்விசிறி, சுத்தமான விரிப்பு, அவ்வளவுதான். அக்கா அந்த வீட்டை நடத்துகிற விதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். கடற்கரை ஊர் என்பதால் போர் தண்ணீர் கரிக்கும், சோப்பு நுரைக்காது. ஒவ்வொரு குளியலறையிலும் அக்கா இரண்டு வாளி வைத்திருக்கிறார். சிவப்பு வாளியில் போர் தண்ணீர், நீல வாளியில் குழாய்த் தண்ணீர். சிவப்பில் குளித்துவிட்டுக் கடைசியில் நீலத்திலிருந்து இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்ள வேண்டும். வந்த அன்று சாயங்காலமே எல்லாரையும் நிற்க வைத்து, சொம்பைக் கையில் எடுத்துக் காட்டினார். "தம்பி, குழாயில கொஞ்ச நேரந்தான் தண்ணி வரும். இந்தத் தெருவுல எல்லாருக்கும் அதே கதைதான்" என்றார். முன்பு வேறோர் ஊரில் ஒரு குழுவை லாட்ஜில் தங்க வைத்திருந்தோம். அங்கே விருந்தாளிகளுக்கென்று லாரியில் தண்ணீர் இறக்கினார்கள். பக்கத்துத் தெருவில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஊருக்குச் சேவை செய்ய வந்தவர்களால் ஊருக்கே சங்கடம் என்றால் மனசு எப்படி ஒப்பும்? இந்த வீட்டில் அந்த நிலைமை வரவில்லை.

அப்புறம் சாப்பாடு. ஐந்தரை மணிக்குக் காபி, ஆறு மணிக்கு மாடி வராந்தாவில் ஜெபம், ஏழரைக்கு இட்லியோ பொங்கலோ. வெள்ளைக்காரர்களுக்கென்று தனிச் சமையல் செய்வதில்லை. முதல் சில நாள் தேங்காய்ச் சட்னி மட்டும் வைத்தார், பிறகு மெதுவாக மிளகாய்ச் சட்னியும் இலைக்கு வந்தது. மீனிலும் அதே முறைதான். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் முடிந்துவிட்டதால் ஜூலையில் மீனுக்குக் குறைவில்லை. முதலில் முள் தொந்தரவு இல்லாத வஞ்சிரம், பிறகு மத்திக் குழம்பு. மத்தி வைத்த அன்று ஒரு பையன் பக்கத்தில் அக்காவே உட்கார்ந்துகொண்டார். முதுகுப் பக்கத்துச் சதையை விரலால் ஒதுக்கி, நடுமுள்ளைத் தலையோடு சேர்த்துத் தூக்கினால் மொத்தமாக வந்துவிடும் என்று செய்து காட்டினார். இரண்டு மீன் சிதைந்தது, மூன்றாவது சரியாக வந்தது. சில நாள் கழித்து மீனவர் தெருவில் ஒரு வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அதே மத்திதான். அந்தப் பையன் தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். பரிமாறிய அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டு மணிக்குப் புறப்பட்டு மாணவர் விடுதியில் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரையும் வெயிலில் விட அக்கா சம்மதிப்பதில்லை. மாலையில் பிள்ளைகளோடு விளையாட்டு.

ஜூலை 9 அன்று புதிய எருசலேம் ஆலயத்துக்கு நடந்தே போனோம். 1706-இல் அதே தேதியில்தான் ஜெர்மனியைச் சேர்ந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் இந்தக் கரையில் இறங்கினார். அவரும் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்தான். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றவர், 1718-இல் கட்டி முடித்த இந்த ஆலயத்திலேயே அடுத்த வருடம் அடக்கமானார். சில வாரத்துக்கு வருகிறவர்கள் அவர் செய்ததைச் செய்துவிட முடியாது. ஆனால் அவரைப் போலவே கற்றுக்கொள்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். அக்கா வீட்டில் அது சாப்பாட்டு இலையிலும் குளியலறையிலுமே நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காகித வேலையிலும் அக்கா கறார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும், நம்மவர்கள் சி படிவம் என்று சொல்வது அதைத்தான். பெட்டி உள்ளே போகும் முன்பே பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிவிட்டார். சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் ஆராதனையில் கலந்துகொள்ளலாம். பிரசங்கம் செய்வதும் துண்டுப்பிரதி கொடுப்பதும் கூடாது. குழுவை அழைக்கிற சபைகள் இதைப் புறப்படும் முன்பே எழுத்தில் சொல்லி அனுப்புங்கள்.

குறைகளும் உண்டு. கொசுவலை இரண்டு அறைக்குத்தான் இருக்கிறது. மூன்றாவது அறைக்கு நாங்கள் வாங்கிக் கட்டினோம். மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் மின்விசிறி மட்டும் ஓடும். துவைக்கிற கல் ஒன்றே ஒன்று, எட்டுப் பேர் துணி என்றால் முறை வைத்துத்தான் துவைக்க வேண்டும். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேண்டாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,100 ரூபாய் கொடுத்தோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்காவின் சொந்தக்காரர்களே வந்துவிடுவதால் அறை கிடைக்காது. மற்ற மாதங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். எத்தனை பேர் மீன் சாப்பிடமாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.