ஒரே கோகு, இரண்டு தொண்டை, மூன்று சம்பளம்

ட்ராகன் பால் என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடரின் நாயகன் கோகுவுக்கு ஜப்பானில் 1986இலிருந்து ஒரே குரல்தான். மசாகோ நொசாவா, 1936இல் பிறந்த பாட்டி. கோகு மட்டுமில்லை, அவன் மகன்கள் கோஹான், கோட்டென் இருவரும் அவரே. குடும்பமே ஒரே தொண்டையில் குடியிருக்கிறது. அமெரிக்காவில் அதே கோகு பெரியவனாக வரும்போது 1999இலிருந்து ஷான் ஷெம்மல். கட்டைக் குரலில் பேசும் ஆண்பிள்ளை. ஒரு காட்சியில் கத்திக் கத்தி மயங்கியே விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

"அனிமேக்குக் குரல் கொடுக்கணும், கேமுக்கும் பேசணும்" என்று ஆசைப்படுகிறவர்கள் பலர் இதை ஒரே வேலையாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மைக்கும் ஹெட்போனும்தான் தெரியும். உள்ளே போனால் மூன்று தனித்தனிப் பிழைப்புகள்: டோக்கியோவில் அனிமேக்கு மூலக்குரல், அமெரிக்காவில் அதற்கு ஆங்கில டப்பிங், லாஸ் ஏஞ்சலிஸை மையமாக வைத்து இயங்கும் வீடியோ கேம் வேலை. எது மேல் என்று கேட்டால், எதை இழக்கத் தயார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் டோக்கியோ. அங்கே இந்தத் தொழிலுக்கு 'செய்யூ' என்று தனிப்பெயரே உண்டு. பயிற்சிப் பள்ளி, அதன்பின் ஏஜென்சி, அதன்பின் ஆடிஷன் என்று படி ஏற வேண்டும். 1969இல் தொடங்கிய அவோனி புரொடக்‌ஷன் போன்ற ஏஜென்சிகளின் வாசலில் எப்போதும் கூட்டம்தான். உள்ளே நுழைந்த புதியவருக்கு அரைமணி நேர எபிசோடுக்கு 15,000 யென். நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது, அதிலும் ஏஜென்சி தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதே தொகை. அனுபவம் கூடக் கூட, நடிகர் சங்கம் வகுத்த தரவரிசைப்படி ஒரு எபிசோடுக்கு 45,000 யென் வரை ஏறலாம். ஏறுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பட்ஜெட் இறுக்கமான தயாரிப்பாளர், வழிப்போக்கன் வேஷத்துக்கு 15,000 யென் ஆளைத்தான் கூப்பிடுவார். பதவி உயர்வு வாங்கிய கையோடு வேலை குறைகிற தொழில் இது.

பிறகு ஏன் போகிறார்கள்? அந்த ஸ்டூடியோவுக்காக என்றுதான் நினைக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில் இருப்பார்கள், மைக் மூன்றோ நாலோதான். தன் வசனம் வரும்போது எழுந்து, காலடி ஓசை கேட்காமல் மைக்குக்குப் போய், பேசி முடித்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஸ்கிரிப்ட் தாளைச் சத்தமில்லாமல் புரட்டுவதே ஒரு கலை. பல நாள் படமே முழுசாக வந்திருக்காது. வெறும் கோட்டோவியம் ஓடும், இந்தப் பாத்திரம் இப்போது பேசுகிறது என்று காட்ட ஒரு நிறக்கோடு வரும். அந்தக் கோட்டைப் பார்த்து அழ வேண்டும், எதிரே நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். மேடை நாடகத்துக்கு நெருங்கிய சொந்தம் இது. 2020இல் கொரோனா வந்து ஆட்களைப் பிரித்து உட்கார வைத்தபோது போனது அந்த மூச்சுதான்.

சம்பளம் போதாததற்கு மாற்று வழியும் அங்கே உண்டு: பாட்டு, ரேடியோ, மேடை நிகழ்ச்சி. குரல் நடிகை நானா மிசுகி 2011இல் டோக்கியோ டோமில் கச்சேரியே செய்தார். அதனால் இன்று ஆடிஷனுக்குப் போகிற பிள்ளைக்குக் குரல் மட்டும் போதாது. முகம் வேண்டும், ஆட வேண்டும், பாட வேண்டும். முகம் தெரியாமல் வாழலாம் என்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் டோக்கியோவைத் தவிர்ப்பது நல்லது.

ஆங்கில டப்பிங் வேறு உலகம். 1994இல் தொடங்கிய ஃபனிமேஷன் என்ற டப்பிங் நிறுவனத்தால் டெக்ஸாஸின் டாலஸ் பகுதி இதன் தலைநகரானது. 2021இல் சோனி அதையும் அனிமே ஸ்ட்ரீமிங் தளமான கிரஞ்சிரோலையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தது. இங்கே கூட்டமெல்லாம் கிடையாது. ஒருவர், ஒரு பூத், கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர். ஹெட்போனில் பீப், பீப், பீப் என்று மூன்று முறை ஒலிக்கும். நாலாவது பீப் வராது. அது வரவேண்டிய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். எதிராளி என்ன தொனியில் பேசுவார் என்பது பல சமயம் தெரியாது, ஏனென்றால் அவர் அடுத்த வாரம்தான் வருவார்.

போதாக்குறைக்கு உதட்டசைவு. ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும், மறுப்பும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு வரும். நம் தமிழ் மாதிரியே. "உன்னை நான் மன்னிக்க..." என்று இழுத்து "மாட்டேன்" என்று முடிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த மறுப்பு முன்னாலேயே வந்து விழுந்துவிடும். வாய் மூடும் இடத்துக்கும் அழுத்தம் விழும் இடத்துக்கும் சண்டை. டீமன் ஸ்லேயர் அனிமே படம் 2025இல் தமிழிலும் தியேட்டருக்கு வந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது நம் டப்பிங் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஆங்கிலக்காரரைவிட வேலை சுலபம்.

டப்பிங் சம்பளம் மணிக்கணக்கு, பெரும்பாலும் நடிகர் சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே. 2022இல் மாப் சைக்கோ அனிமே தொடரின் நாயகனுடைய ஆங்கிலக் குரலான கைல் மெக்கார்லி, இந்த சீசனைச் சங்கமில்லாமலே செய்து தருகிறேன், வருங்கால ஒப்பந்தம் பற்றிச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசினால் போதும் என்று கேட்டார். கிரஞ்சிரோல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது சீசனில் அந்தப் பாத்திரத்துக்கு வேறு குரல். ரசிகர் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நாற்காலி நம்முடையதில்லை. கன்வென்ஷன் எனும் ரசிகர் மாநாடுகளில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதிப்பதுதான் பலருக்குத் துணை.

கேமுக்கு வருவோம். கைக்குக் காசு இங்கேதான். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் 2016 கணக்குப்படி நாலு மணி நேர செஷனுக்கு 825.50 டாலர், மூன்று குரல் வரை. ஆனால் படம் இருக்காது, கதையும் முழுசாகத் தெரியாது. பல நேரம் கேமின் பெயரைக்கூடச் சொல்லாமல் ரகசியப் பெயரில் கூப்பிடுவார்கள். எக்ஸெல் தாளில் வரிகள். "குண்டு! ஒதுங்கு!" என்று இருபது விதமாகக் கத்த வேண்டும். பிறகு எரிந்து சாகிற அலறல், உயரத்திலிருந்து விழுந்து சாகிற அலறல். தொண்டை கிழிவது இங்கேதான். 2016 அக்டோபரிலிருந்து 340 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு பிரச்சினை.

இன்னொன்று விற்பனையில் பங்கு. 2008இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4இல் நாயகன் நிக்கோவுக்குக் குரலும் உடலசைவும் தந்த மைக்கேல் ஹாலிக்குக்கு, சுமார் 15 மாத வேலைக்கு ஏறக்குறைய 1,00,000 டாலர் கிடைத்தது. கேம் முதல் வாரத்திலேயே 50 கோடி டாலருக்கு விற்றது. அதிலிருந்து அவருக்கு ஒரு சென்ட் ராயல்டி இல்லை. 20 லட்சம் பிரதி தாண்டினால் பங்கு வேண்டும் என்று சங்கம் கேட்டுப் பார்த்தது. 2017இல் கிடைத்தது செஷன் எண்ணிக்கையைப் பொறுத்த போனஸ்தான்: முதல் செஷனுக்கு 75 டாலரில் தொடங்கி, பத்து செஷனுக்கு மொத்தம் 2,100 டாலர் வரை.

என்னைக் கேட்டால், நடிப்புக்கு டோக்கியோ, பிழைப்புக்கு கேம். டப்பிங் இரண்டுக்கும் நடுவில் நல்ல பயிற்சிக்கூடம், அதையே நம்பி வாடகை கட்டுவது கஷ்டம். ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு டோக்கியோ என்ற தேர்வே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏஐ விஷயத்தில் கேம் பக்கம்தான் ஒரு படி முன்னால் நிற்கிறது. 2024 அக்டோபரில் ஜப்பானில் 26 குரல் நடிகர்கள் அனுமதியில்லாத ஏஐ குரலுக்கு எதிராக வீடியோ இயக்கம் தொடங்கினார்கள், அது வேண்டுகோளாகத்தான் இருந்தது. அமெரிக்கக் கேம் நடிகர்கள் அதே ஆண்டு ஜூலையில் வேலையை நிறுத்திவிட்டு 2025 ஜூலையில் ஒப்பந்தமாகவே வாங்கினார்கள். குரலை நகலெடுக்கச் சம்மதம் வேண்டும், கூலியும் வேண்டும், வேலைநிறுத்தம் நடக்கும்போது அந்தச் சம்மதத்தை நிறுத்திவைக்கவும் முடியும். இடைப்பட்ட மாதங்களில் கென்ஷின் இம்பாக்ட் ஆங்கிலத்தில் விளையாடியவர்கள் கவனித்திருப்பார்கள். சில பாத்திரங்கள் வாயை அசைக்கும், கீழே எழுத்து ஓடும், சத்தமே வராது.