மண்கோட்டையை வாங்குவதா, அச்சடிப்பதா, அறுப்பதா?

மினியேச்சர் போர் விளையாட்டுக்கு டெரெய்ன் (மேசையில் வைக்கும் வீடு, மதில், மரம்) தேடி இணையக் கடைகளில் இறங்கினால், முதலில் கண்ணில் படுவது இடிந்த ஐரோப்பியத் தேவாலயமும் நார்மண்டிப் பண்ணைவீடும்தான். பாளையக்காரர் போரை மேசையில் ஏற்ற நினைப்பவருக்கு வேண்டியதோ மண்மதில், முள்வேலி, பனங்காடு, குளத்துக்கரை, ஓலைக்குடிசை. இவை பெட்டியில் அடைத்து வருவது அரிது. கையில் இருப்பது மூன்று வழி: லேசரில் வெட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கிட், 3டி பிரின்ட், தெர்மாகோலை அறுத்துச் சொந்தமாகச் செய்வது. மூன்றில் எது உயர்த்தி என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தத் துண்டுக்கு எது என்று கேட்க வேண்டும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799-க்குப் பின் இடிக்கப்பட்டது. அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும் மறுபடி எழும்பியது. 1801 மே மாதம் வீழ்ந்தது. முற்றுகையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்த கணக்கில் நீளம் ஏறக்குறைய 500 அடி, அகலம் 300 அடி, மதில் உயரம் 12 அடி. முழுக்க மண், சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி; அகழி இல்லை. 28 மி.மீ. உயரப் பொம்மைக்கு 1:56 என்று வைத்தால் நீளம் மட்டும் 2.7 மீட்டர் வரும். ஆறடிக்கு நாலடி மேசையில் அது அடங்காது. 15 மி.மீ. அளவில் (1:100) ஒன்றரை மீட்டர். அப்போதும் படை நிற்க இடமில்லை. 6 மி.மீ. அளவில் (1:300) 51 செ.மீ.க்கு 30 செ.மீ. என்று முழுக் கோட்டையும் மேசை நடுவில் உட்காரும், ஆனால் மதில் 12 மி.மீ. உயரம்தான். 28 மி.மீ. ஆடுபவர் கோட்டையின் ஒரு மூலையை மட்டும் செய்வதே சரி: 30 செ.மீ. நீள மதில் ஆறு, கொத்தளம் மூன்று, வாசல் ஒன்று. மதில் உயரம் 65 மி.மீ. மேல்நடை குறைந்தது 28 மி.மீ. அகலம் வேண்டும். 25 மி.மீ. அடித்தட்டுள்ள பொம்மை அதற்குக் குறைந்தால் நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும்.

இந்த மதிலை வைத்தே மூன்றையும் உரசிப் பார்க்கலாம்.

பிரின்டில் 30 × 6.5 × 5 செ.மீ. துண்டு ஒன்று, 10 சதவீத உள்நிரப்பில், சுமார் 200 கிராம் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை தின்னும். ஒரு கிலோ சுருளுக்கு ஐந்து மதில். பரவலாகப் புழங்கும் பிரின்டரின் 22 செ.மீ. படுகையில் 30 செ.மீ. துண்டு படுக்காது; இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். தெர்மாகோலிலோ, ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் உள்ள 50 மி.மீ. ஷீட் ஒன்றில் 65 மி.மீ. அகலப் பட்டைகள் ஏழு வரும், பட்டைக்கு மூன்று துண்டு என்று 21 மதில். அதுவும் ஒரு மாலை நேர வேலை. எம்டிஎஃப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விலை பெரிதாக இல்லை, ஆனால் உருவம் ஒத்துழைக்காது. லேசர் செங்குத்தாகத்தான் வெட்டும், துளையும் நாக்கும் நேர்கோணத்தில்தான் கூடும். அடி பருத்து மேல் ஒடுங்கும் மண்மதில் அதில் தீப்பெட்டி மாதிரி வந்து நிற்கும்.

ஆக, மதிலுக்கும் கரைக்கும் மேட்டுக்கும் தெர்மாகோல்தான். மறுபேச்சு வேண்டாம்.

தெர்மாகோல்: மலிவு வாங்கும் இடத்தில் மட்டும்

கடையில் "அண்ணாச்சி, தெர்மாகோல் ஒண்ணு" என்றால் கைக்கு வருவது பந்தல் அலங்காரத்துக்கு விற்கும் லேசான சரக்கு. கத்தி பட்டதும் மணி மணியாக உதிரும். "ஹை டென்சிட்டி" என்று கேட்டு, விரல்நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். குழி மெதுவாக விழுந்தால் நல்ல சரக்கு. நீல, இளஞ்சிவப்பு நிற எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை இதைவிடப் பல மடங்கு மேல். மணி கிடையாது, பென்சிலால் கோடு இழுத்தாலே செங்கல் வரி விழும். அது ஸ்டேஷனரிக் கடையில் இருக்காது, குளிர்பதன அறைக்கு இன்சுலேஷன் செய்பவர்களிடம் வெட்டுத்துண்டு கேட்டுப் பார்க்கலாம். மீன் பெட்டித் தெர்மாகோல் தடிமனாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. எறும்பும் பூனையும் வந்து சேரும்.

அறுக்க நிக்ரோம் கம்பிக் கட்டர் நல்லது. கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் வெட்டு அகன்று, ஓரம் கரைந்து, புகையும் அதிகமாகும். ஜன்னலைத் திறந்து வைத்தே அறுக்க வேண்டும். கம்பியைத் தள்ளாமல் அதன் வேகத்துக்கு விட்டால் முகம் வழுவழுப்பாக வரும். அடி 50 மி.மீ., மேல் 30 மி.மீ. என்று இரு முனைகளிலும் அட்டை வார்ப்பு குத்தி, அதன் ஓரமாகக் கம்பியை ஓட்டினால் எல்லாத் துண்டும் ஒரே சாய்வில் நிற்கும். அடித்தட்டுக்கு ஃபிளெக்ஸ் கடைச் சன்போர்டு (பிளாஸ்டிக் நுரைப் பலகை), 3 அல்லது 5 மி.மீ. கழிவுத்துண்டே போதும்.

ஒட்டும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்ஆர் வகை, தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபெவிக்விக்கும் அரிக்கும். வெள்ளை ஃபெவிகால்தான் சேரும். அதையும் அள்ளி ஊற்றினால் நடுவில் காற்றுப் போகாமல் நாலு நாள் ஈரமாகவே இருக்கும். மெல்லப் பூசி, ஈர்க்குச்சி இரண்டு குத்தி நிறுத்தி, ஒரு இரவு விட வேண்டும். சன்போர்டில் ஃபெவிகால் அவ்வளவாகப் பிடிக்காது. அதன் முகத்தை 80 நம்பர் உப்புத்தாளில் கீறிவிட்டுப் பூசினால் பிடிக்கும்.

மணி தெரியாமலிருக்க முதலில் கிழித்த நாளிதழ், ஃபெவிகால் ஒரு பங்கு தண்ணீர் ஒரு பங்கு, ஒரே அடுக்கு. காய்ந்ததும் பூச்சு: வால் புட்டிப் பொடி மூன்று பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டு கலந்த கரைசல். இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பூச்சு 1 மி.மீ., மொத்தம் இரண்டு. ஒரேயடியாக 3 மி.மீ. அப்பினால் வலைவலையாக வெடிக்கும். மண்மதிலில் வெடிப்பு இருக்கத்தானே செய்யும் என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த வெடிப்பில் விரல் பட்டதும் பூச்சு ஓடு ஓடாகக் கழன்று விழும். ஃபெவிகால் சேர்க்காத வெறும் புட்டியும் அப்படியே.

எம்டிஎஃப்: வீடுகளுக்கு

அக்கிரகாரத் தெரு, சத்திரம், கச்சேரிக் கட்டடம் போன்று நேர்ச்சுவர் உள்ள எதற்கும் 3 மி.மீ. எம்டிஎஃப்தான். வெளிநாட்டுக் கிட் எடை கூடியது, கூரியரும் சுங்கமும் சேர்ந்து கிட்டின் விலையையே தொட்டுவிடும். வரையத் தெரிந்தால் நினைவுப்பரிசு, அழைப்பிதழ் வெட்டும் லேசர் கடையில் கோரல்டிரா கோப்பைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: 3 மி.மீ. என்று விற்கும் பலகை 2.7-ம் இருக்கும், 3.2-ம் இருக்கும். வாங்கிய பலகையை வெர்னியரில் அளந்து, துளையை அந்த அளவுக்கு மாற்றிவிட்டு, முதலில் ஒரு துளையும் ஒரு நாக்கும் வெட்டிச் சோதிக்க வேண்டும். லேசர் தின்னும் அகலம் சுமார் 0.15 முதல் 0.2 மி.மீ. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வீடு ஆடும். கதவு உயரம் 40 மி.மீ. வைத்தால் அடித்தட்டோடு நிற்கும் பொம்மைக்குப் பொருந்தும்.

கூரையில் காலத்தைக் கவனிக்க வேண்டும். கிட்களில் வரும் தட்டையான மங்களூர் ஓடு 1801-க்குப் பொருந்தாது. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டாலை தொடங்கியதே 1865-இல்தான். அதற்கு முன் நாட்டு ஓடு அல்லது ஓலை. நாட்டு ஓட்டுக்கு மிக்ஸிப் பெட்டியின் மெல்லிய நெளிவு அட்டையை ஈரத்துணியால் நனைத்து மேல்தாளை உரித்து, 8 மி.மீ. பட்டைகளாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டலாம். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு அல்வாப் பெட்டி அட்டை அருமை. சாம்பல் நிற உட்பக்கத்தை வெளியே வைக்க வேண்டும். பளபளப்புப் பக்கத்தில் பெயின்ட் நிற்காது. ஓலைக்கூரைக்கு உண்மையான பனையோலையை வெட்டிப் போடத் தோன்றும். அது இந்த அளவுக்கு விறைப்பு, நரம்பு வாக்கில் பிளந்து துருத்தும். பழைய தேங்காய்ப்பூத் துண்டை ஃபெவிகால் தண்ணீரில் முக்கிப் போர்த்தி, காயும் முன் சீப்பால் மேலிருந்து கீழாக வாரினால் ஓலை வேய்ந்த மாதிரியே இருக்கும்.

எம்டிஎஃப்பின் வெட்டு ஓரம் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். மரத்துக்குப் பூசும் சாண்டிங் சீலர் இரண்டு கை ஓரத்தில் இழுத்தால் அடங்கும். தட்டையான பலகையில் ஒரு பக்கம் மட்டும் பூசினால் வில்லாக வளையும். அடிப்பக்கத்துக்கும் ஒரு கை வேண்டும்.

பிரின்ட்: கைக்கு வராதவற்றுக்கு

பீரங்கி வண்டிச் சக்கரம், தூண், ஐயனார் கோயில் குதிரை, கமலைக் கிணற்றின் உருளை. கத்தியால் செய்ய முடியாத இவற்றுக்குப் பிரின்ட். 0.2 மி.மீ. அடுக்கு போதும். குறை எங்கே தெரியும் என்றால் டிரைபிரஷ் செய்யும்போது, அதாவது பெயின்டைத் துடைத்த காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவும்போது. அடுக்குக் கோடு ஒவ்வொன்றையும் தூரிகை தூக்கிக் காட்டும். ஃபில்லர் பிரைமர் இரண்டு கை, நடுவில் 320 நம்பர் ஈர உப்புத்தாள், அதன்பின் நிறம். ஐப்பசி, கார்த்திகையில் சுருள் ஈரம் குடித்துவிட்டால் நூல் நூலாக இழுக்கும். 45 முதல் 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திவிட்டு ஓட்ட வேண்டும். முடித்த துண்டை சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகக் கூடாது. பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே தளரும், தூண் தலைகுனிந்துவிடும். ரெசின் பிரின்ட் சிறு சிலைக்குச் சரி, கட்டடத்துக்கு வீண்செலவு.

டிசம்பரில் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் விற்கும் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையும் விட்டுவிடக் கூடாது. குடிசைகள் சில 28 மி.மீ.க்கு அச்சாகப் பொருந்தும். போகும்போது 40 மி.மீ. அட்டைத் துண்டொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவில் ஒட்டிப் பார்த்து வாங்கலாம். பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் மட்டும் வேண்டாம், பசை பட்டதும் சாயம் இறங்கும்.

பனை

விற்கும் பிளாஸ்டிக் மரம் பெரும்பாலும் தென்னை அல்லது பேரீச்சை, இறகு ஓலை. பனைக்கு விசிறி ஓலை. கண்ணுக்குப் பழகிய நெல்லைக்காரருக்கு அது உடனே உறுத்தும். இதற்குக் கிட்டும் பிரின்டும் போட்டிக்கே வரவில்லை, கையால்தான். 5 மி.மீ. மூங்கில் குச்சி 20 செ.மீ., அதன்மேல் 3 மி.மீ. இடைவெளியில் சணல் நூல் சுற்றி ஃபெவிகால் பூசினால் மட்டை விழுந்த வளையத் தழும்பு வந்துவிடும். உண்மை உயரத்துக்குச் செய்தால் 40 செ.மீ.க்கு மேல் போய் மேசையில் சாயும். தடித்த தாளில் 25 மி.மீ. வட்டம், நடுவரை ஒரு வெட்டு, விசிறியாகப் பன்னிரண்டு மடிப்பு, ஓரத்தில் கத்தரிக் கீறல். காம்புக்கு 26 கேஜ் கம்பி. மரத்துக்கு இருபது ஓலை: மேலே எட்டு நிமிர்ந்து, நடுவில் எட்டு கிடையாக, கீழே நாலு காய்ந்து தொங்கி. அந்த நாலு பழுப்பு ஓலைதான் மரத்துக்கு உயிர் கொடுக்கிறது.

முள்வேலிக்கு உடைமுள். சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இங்கே வந்தது, ஊமைத்துரை அதைப் பார்த்திருக்க மாட்டார். தேங்காய் நாரைப் பிய்த்து, பழுப்பு மை பூசி, 30 மி.மீ. அகலத் தட்டில் சுருட்டி ஒட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மண்

மூன்று வழியில் வந்த துண்டுகள் ஒரே மேசையில் சேரும்போது மூன்று கடைச் சாமானாகத் தெரியக் கூடாது. அதைச் சேர்த்து வைப்பது அடித்தட்டு மண்தான். தேரிச் செம்மண் பொடி மணலாக இருப்பதால் டீ வடிகட்டியில் சலித்து நேராக ஒட்டலாம். ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலை அப்படி ஒட்டக் கூடாது. பசையின் ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கிப் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும், வயலில் வெடிப்பதைப் போலவே. கரிசல் வேண்டுமென்றால் எம்-சாண்டை ஒட்டிக் கரும்பழுப்பு பூசுவதே வழி. எந்த மண்ணானாலும் இரும்புச் சட்டியில் பத்து நிமிடம் வறுத்துவிட வேண்டும், விதையும் பூச்சி முட்டையும் அதில் இருக்கும்.

மதில் நிறத்துக்கு 200 மி.லி. வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷனில் மஞ்சள் ஆக்ஸைடு ஸ்டெய்னர் 6 மி.லி., சிவப்பு ஆக்ஸைடு 2 மி.லி., கறுப்பு சில சொட்டு. ஸ்டெய்னரைக் கூட்டிக்கொண்டே போய்க் கருநிறம் வரவழைக்கப் பார்த்தால் பெயின்ட் காயாமல் பிசுபிசுக்கும். அடர் பழுப்புக்கு அக்ரிலிக் பாட்டில் தனியாக வாங்கிவிடுவது நல்லது. முதலில் அடர் பழுப்பை முழுக்கப் பூசி, காய்ந்ததும் மதில் நிறத்தில் அகலத் தூரிகையால் டிரைபிரஷ், கடைசியாக அதில் வெள்ளை கலந்து மேல்விளிம்பில் மட்டும் லேசாக. மழைத்தாரைக்கு அடர் பழுப்பு ஒரு பங்கு, தண்ணீர் எட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. மேலிருந்து வழியவிட வேண்டும்.

மூடாத தெர்மாகோலில் ஸ்பிரே அடித்தால் குழி குழியாகக் கரையும். மூடியிருந்தாலும் காலம் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் பெயின்ட் பறக்கும்போதே காய்ந்து மேலே மணலாகப் படியும், ஐப்பசி ஈரத்தில் வார்னிஷ் வெள்ளை பூக்கும். மாசி, பங்குனிக் காலை ஒன்பது மணிக்குள் அடித்துவிடலாம். இல்லையென்றால் தூரிகையில் தண்ணீர் வகை மேட் வார்னிஷ்.

எம்டிஎஃப்பும் அட்டையும் கரையானுக்குப் பிடித்தமானவை, தெர்மாகோலில் எறும்பு குடைந்து கூடு வைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தரையில் படாமல் வைக்க வேண்டும். பூச்சிக்கென்று அந்துருண்டை போட்டுவிடக் கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கி, மதிலையும் பிளாஸ்டிக் பொம்மைகளையும் சேர்த்துக் கெடுக்கும். காய்ந்த வேப்பிலை ஒரு கை போட்டு மூடினால் போதும்.