பைலாவையும் பொப்பிசையையும் இணைத்துத் தந்த மிக்ஸ் (Mixxx) மென்பொருள்: 2022 முதல் என் பாவனை அனுபவம்

2022 மே மாதம் களுவாஞ்சிகுடியில் எங்கள் மச்சாளின் திருமண வரவேற்பு. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் டீசலுக்கு வரிசை நீண்டிருந்த காலம் அது. மட்டக்களப்பு நகரிலிருந்து இசைக்குழுவை வாத்தியங்களுடன் ஏற்றிவர வாகனம் கிடைக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே மாமி என்னிடம் சொல்லிவிட்டார்: “மகன், உன்னிடம் கணினி இருக்கிறதுதானே? இரண்டு மணித்தியாலத்துக்குப் பாட்டுகளை இடைவெளி இல்லாமல் கோத்துத் தா. ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவதற்குள் சனம் கதிரைக்குத் திரும்பிவிடக் கூடாது.”

மாமி கேட்டது என்னவென்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்: தாளம் அறுபடாத ஒரு டிஜே கலவை. அன்று அந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கையில் இருந்தவை 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி, ஒரு சாதாரண ஹெட்போன், எழுபதுகளின் ஈழத்துப் பொப்பிசை முதல் சிங்களத் துள்ளல் பாட்டான பைலா, எண்பதுகளின் திரைப்பாடல்கள், புதிய குத்துப்பாடல்கள் வரை நிறைந்த ஒரு வன்தட்டு.

முதலில் ஒடாசிட்டியைத்தான் திறந்தேன். இலவசம், ஏற்கெனவே கணினியில் இருந்தது. பாடல்களைத் தடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, முன்னதன் முடிவை மங்கச் செய்து, பின்னதன் தொடக்கத்தை மெல்ல எழுப்பினேன். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பாடல்களும் ஒன்றோடொன்று கலக்கும் அந்தப் பத்து வினாடியில் இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு போயின. வேகத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் பாடலைத் தேர்ந்தெடுத்து, சதவீதம் கணக்கிட்டு, மாற்றிக் கேட்டு, பிழையென்றால் மீளெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். நான்கு பாடல்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ஒடாசிட்டி நல்ல ஒலித்தொகுப்புக் கருவி, இன்றும் பாவிக்கிறேன். ஆனால் அதில் பாடல்களைக் கண்ணால் பார்த்து ஒட்டுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் மேல் அடுத்ததைக் காதால் கேட்டு ஏற்றும் பயிற்சி அதில் வராது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பயிற்சிதான்.

ஆகவே டிஜேக்களுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களின் பக்கம் போனேன். விர்ச்சுவல் டிஜே, வீட்டில் சொந்தப் பாவனைக்கு இலவசம். தொழிலாகச் செய்பவர் கட்டணம் செலுத்த வேண்டும். பாடலிலிருந்து குரலையும் தாளவாத்தியத்தையும் உடனுக்குடன் பிரித்துத் தரும் ஆற்றல் அதில் இருக்கிறது. செராட்டோவின் இலவசப் பதிப்பான லைட்டும் பழக எளிதானது. ஆனால் ஒலிப்பதிவு வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. மேடையில் நின்று வாசிப்பவருக்கு அது பொருட்டல்ல. கலவையைக் கோப்பாக்கி மாமியிடம் கொடுக்க வேண்டிய எனக்கு அதுவே முதல் தேவை.

கடைசியில் தங்கிய இடம், ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் எழுத்துகளுடன் எழுதப்படும் மிக்ஸ். 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுப் பணியாகத் தொடங்கி, பின்னர் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த திறந்த மூல மென்பொருள் அது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பணம் கட்டித் திறக்க வேண்டிய பூட்டு எதுவும் இல்லை. வெளிநாட்டுக் கட்டணத்தைச் செலுத்த இங்கே வழி அடைபட்டிருந்த அந்த மாதங்களில் இது எனக்குப் பெரிய நிம்மதி. லினக்ஸ் நிறுவிய அந்தப் பழைய மடிக்கணினியில் இரண்டு டெக்குகளும், அதாவது பாடல்களை ஏற்றி ஓட்டும் இரண்டு தளங்களும், தடங்கலின்றி ஓடின.

ஆனாலும் நான் அதிலேயே நிலைத்ததற்குக் காரணம் விலையல்ல, பைலா. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிஜே மென்பொருள்கள் ஒவ்வொரு பாடலையும் முதலில் ஆராய்ந்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற பிபிஎம் எண்ணைக் கண்டுபிடிக்கும். பிறகு அலைவடிவத்தின் மேல் அடிக்கோடுகளை வரையும். மேற்கத்திய நடன இசை நான்கு நான்காக, இயந்திரச் சீரில் நடப்பது. எங்கள் கொண்டாட்டப் பாடல்கள் அப்படியல்ல. பைலாவும் பல குத்துப்பாடல்களும் திஸ்ர நடையில், அதாவது ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று சிற்றடிகளுடன் துள்ளுபவை. ஆடுபவரின் கால் நிமிடத்துக்கு 100 முறை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 300 சிற்றடிகள் இருக்கும். அவற்றை மென்பொருள் இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணினால் 150 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி 150 பிபிஎம் கொண்ட இன்னொரு பாடலுடன் சிங்க் செய்தால், அதாவது இரண்டின் அடிகளையும் மென்பொருளே ஒன்றாக்கச் செய்தால், கோடுகள் அழகாகப் பொருந்தும், கால்கள் பொருந்தாது. இந்தப் பிழை எந்த மென்பொருளிலும் நேரக்கூடியது. மிக்ஸில் பாடலின் மேல் வலச்சொடுக்கு செய்தால் வரும் பட்டியலில் பிபிஎம் எண்ணை இரட்டிக்க, பாதியாக்க, மூன்றில் இரண்டாக்க, ஒன்றரை மடங்காக்க வழிகள் இருக்கின்றன. மூன்றில் இரண்டைத் தொட்டேன். 150 என்பது 100 ஆனது. கோடுகள் காலடிக்கு வந்தன. பிறகு அந்த எண்ணைப் பூட்டிவிட்டால் மறு ஆய்வில் மாறாது. அந்த இரவு பைலா ஒன்றிலிருந்து பொப்பிசைக்கு முதல்முறை பிசகாமல் கடந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

பழைய திரைப்பாடல்களில் வேறு சிக்கல். வாத்தியக்காரர்கள் ஒன்றாக இருந்து நேரடியாக வாசித்த பதிவுகள் அவை. பல்லவியில் ஒரு வேகம், இரண்டாம் சரணத்தில் சற்றே கூடிய வேகம். மிக்ஸ் வழமையாக எல்லாப் பாடலும் ஒரே வேகத்தில் ஓடுவதாக எடுத்துக்கொள்ளும். அடிக் கண்டறிதல் அமைப்பில் அந்த எடுகோளை நீக்கி மறுபடி ஆராயச் செய்தால் கோடுகள் வேகத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும். அதுவும் முழுமையான தீர்வல்ல. முழுப் பாடலையும் பிடிக்க முயல்வதைவிட, இடையிசையில் தபேலா அல்லது டோலக் தனித்து ஒலிக்கும் நான்கு அடிகளைச் சுற்றோட்டமாக்கி, அதன் மேல் அடுத்த பாடலை ஏற்றுவது எனக்குக் கைவந்த வழி. தாளமில்லாத ஆலாபனையுடன் தொடங்கும் பாடல்களுக்கு, தாளம் முதன்முதலில் விழும் இடத்தில் ஒரு குறியீடு வைத்துவிடுவேன்.

முதல் கலவையை மின்வெட்டு நேரங்களில்தான் செய்தேன். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. கல்லடியில் எங்கள் தெரு முழுவதும் இருண்டிருக்க, திரையின் வெளிச்சத்தில் அலைவடிவங்கள் ஓடும். ஐம்பதாவது நிமிடத்தில் ஒருநாள் பற்றரி தீர்ந்து கணினி அணைந்தது. பதிவுக் கோப்பு வன்தட்டில் இருந்தது, எதிலும் திறக்கவில்லை. ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பின் தலைப்பகுதியில் நீளம் எழுதப்படுவதற்கு முன் பதிவு நின்றுபோனால் இப்படி நடக்கலாம். ஒடாசிட்டியில் மூலத் தரவாக இறக்குமதி செய்யும் வழியில் 16 பிட், இரு தடம், 44,100 ஹேர்ட்ஸ் என்று கொடுத்தபோது ஐம்பது நிமிடமும் மீண்டது. அந்தத் தகவல் தெரியாமல் அழித்துவிட்டுத் திரும்பச் செய்பவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். அதன் பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதிவை நிறுத்திப் புதிதாகத் தொடங்கினேன். வேவ் வடிவில் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 600 எம்பி பிடிக்கும். அந்த இடத்தைக் கொடுங்கள். நேரடியாக எம்பி3 ஆகப் பதிந்தால் பின்னால் திருத்தும்போது தரம் இன்னும் இறங்கும்.

ஹெட்போனில் அடுத்த பாடலைத் தனியாகக் கேட்பதற்கு இரண்டாவது ஒலி வெளியீடு வேண்டும். விலை குறைந்த யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது. மிக்ஸின் ஒலி அமைப்பில் பிரதான வெளியீட்டை ஓர் அட்டைக்கும் ஹெட்போனை மற்றதற்கும் ஒதுக்கலாம்.

மென்பொருளின் சுருதி கண்டறிதலை நான் நம்புவதைக் குறைத்துவிட்டேன். எந்தப் பாடலையும் மேஜர், மைனர் என்ற 24 பெட்டிகளில் ஒன்றில்தான் அது போடும். ராகத்தில் அமைந்த பாடல்களுக்கு அந்தப் பெட்டி பல நேரம் பொருந்துவதில்லை. ஆதார ஸ்வரத்தை முணுமுணுத்துப் பார்ப்பதே நல்லது. மாறாக, பாடல்களின் உரப்பைச் சமப்படுத்தும் வசதியை ஒருபோதும் அணைக்க மாட்டேன். எழுபதுகளின் மெல்லிய பதிவுக்குப் பின் இன்றைய பாடல் ஒன்று வந்து காதைக் கிழிக்காமல் இருப்பது அதனால்தான்.

2023இல் கொழும்பிலிருந்து பாவித்த டிடிஜே-400 கன்ட்ரோலர் ஒன்றை, அதாவது மென்பொருளைக் கையால் இயக்கும் கருவியை, வாங்கினேன். மிக்ஸ் அதை உடனே அடையாளம் கண்டது. அந்தக் கருவிக்கென்றே வந்த ரெக்கோர்ட்பொக்ஸ் மென்பொருளையும் இரண்டு மாதம் பாவித்தேன். திரையமைப்பு மிகத் தெளிவானது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 600 பாடல்களின் அடிக்கோடுகளைக் கையால் திருத்தி மிக்ஸில் வைத்திருந்தேன். அந்த உழைப்பை விட்டுவர மனமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: மூன்று மென்பொருள்களை ஒரு வாரம் சோதியுங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பாடல்களில், அதுவும் மிகக் கடினமான பாடலில் சோதியுங்கள். கோடு போடத் தொடங்கிய பின் மாறுவது வலிக்கும்.

இணையத்திலிருந்து நேரடியாகப் பாடல் எடுத்து வாசிப்பவருக்கும், குரலை உடனே பிரிக்க விரும்புபவருக்கும் மிக்ஸை நான் சொல்ல மாட்டேன். கையில் கோப்புகள் உள்ளவருக்கும் பழைய கணினி வைத்திருப்பவருக்கும் தயக்கமின்றிச் சொல்வேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது வடமோடிக் கூத்தின் மத்தளப் பதிவு ஒன்றைக் கலவைக்குள் கொண்டுவருவது. பதிவு செய்ய அனுமதி தந்த, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் அலைவடிவத்தைக் காட்டி, வேகம் ஏன் நிலையாக இல்லை என்று கேட்டேன். “ஆடுபவரின் காலைப் பார்த்துத்தானே தம்பி மத்தளம் அடிக்கிறேன்” என்றார். அடிக்கோடு எதுவும் அங்கே நிற்கவில்லை. சிங்கை அணைத்துவிட்டு, வேகத் தண்டை இடக்கை விரலால் தள்ளியும் இழுத்தும் பதினான்கு நிமிடம் வரை வந்திருக்கிறேன். சல்லரி என்ற கைத்தாளம் சேரும் இடத்தில் மட்டும் இன்னும் வழுக்குகிறது.